பவர்ஹவுஸ் தில்சரியின் பயம்

எங்கள் நேபாள மலையூர் ஜாங்கோட்டில் தில்சரி கர்த்தியைப் போலப் பயந்தவள் யாரும் இல்லை. அட்டைக்குப் பயம், கரடிக்குப் பயம், ஜீப்புக்குப் பயம். யாராவது போட்டோ எடுக்க வந்தால் முகத்தை முக்காட்டில் மூடிக்கொள்வாள், ஆயுசு குறையுமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சமாக இருப்பதிலும் பேய் தெரியும். அப்படிப்பட்டவள் கையில்தான் அறுபத்திரண்டு வீட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கிற மெஷினை எங்கள் ஊர் ஒப்படைத்திருக்கிறது.

அது தெரியாமல் செய்த காரியம் இல்லை. ஓடைத் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, குழாய் வழியாகக் கீழே இறக்கி, சக்கரத்தைச் சுற்றவைத்து கரண்ட் எடுக்கலாம் என்று முடிவான வருஷம், முதலில் வேலைக்கு வைத்தது ஜோக்லாலை. ஜோக்லால் தைரியசாலி. இடியோ மழையோ, மெஷின் பக்கத்திலேயே பெஞ்சைப் போட்டுக் குறட்டை விடுவான். அந்த ஆவணி மாதம் கால்வாயில் சேறு அடைத்து, தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பாதி ஊரின் உருளைக்கிழங்கை வாரிக்கொண்டு போனது. ஜோக்லால் விழித்தபோது பெஞ்சு மிதந்துகொண்டிருந்தது.

கமிட்டித் தலைவர் கர்ணபீர் ரோகா இந்தியப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். மீசையைத் தடவிக்கொண்டு கூட்டத்தில் சொன்னார்: "தைரியம் இருக்கறவன் தூங்கிடறான்யா. பயந்தவளைப் போடுங்க. அவளுக்குத் தூக்கமே வராது."

ஊரே சிரித்தது. தில்சரி சிரிக்கவில்லை. அவள் புருஷன் மலேசியாவுக்குப் போனவன் போனவன்தான், வேலை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது. புட்வல் டவுனில் இருபத்திரண்டு நாள் பயிற்சி. முதல் நாளே பயிற்சி கொடுத்தவர் கரண்ட் பெட்டியின் கதவைத் திறந்து, "இது கொல்லும்" என்றாராம். மற்றவர்கள் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். தில்சரி அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அந்த நோட்டு இன்னும் பவர்ஹவுஸ் ஆணியில் தொங்குகிறது.

பதிமூன்று வருஷமாக அவள் வேலை பார்க்கும் விதம் இது. விடியும் முன்னே நானூறு படி இறங்கி ஓடைக்கு வருவாள். கால்வாயின் முழு நீளமும் நடந்து இலை தழை எடுப்பாள். ரப்பர் பூட்ஸ் மாட்டி, காய்ந்த பலகை மேல் ஏறி நின்று, இரும்புச் சக்கரத்தைத் தொட்டு, "மெதுவா வா அக்கா, கோவப்படாதே" என்று மெஷினிடம் கெஞ்சிவிட்டுத்தான் வால்வைத் திறப்பாள். தசைன் பண்டிகையில் எல்லாரும் ஆயுதத்துக்கும் மெஷினுக்கும் சேவல் ரத்தம் தெளிப்பார்கள். இவள் மட்டும் பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவத்துல தெளிங்க போதும், உள்ள இறங்கிடப் போகுது" என்பாள். சாமிக்குப் பயம்தான். ஆனால் சாமியைவிட மெஷினுக்குப் பயம் கூட.

அந்தப் பயத்துக்கு ஒரு நியாயமும் வந்து சேர்ந்தது. அவள் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஒரு பிற்பகலில் இடி இடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அண்ணி ஹிராமலி சோற்றுக் குக்கரை மாட்டப் போய் சுவிட்சில் கை வைத்தாள். அதே நேரம் கம்பத்துக்குப் பக்கத்து வால்நட் மரத்தில் இடி விழுந்தது. கம்பி வழியாக ஓடி வந்தது, ஹிராமலியின் வலக்கையைக் கருக்கிவிட்டுப் போனது. உயிர் பிழைத்தாள். இரண்டு விரல் மட்டும் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. இடியை அனுப்பியது வானம். தில்சரிக்கோ தானே கம்பியில் ஏற்றி அண்ணி வீட்டுக்கு அனுப்பியது போல இருந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் கிளம்பி அறுபத்திரண்டு வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு வீட்டு அடுப்பின் முன்னாலும் உட்காரவைத்து, கையில் அரிசியைக் கொடுத்துச் சத்தியம் வாங்கினாள். முதல் இடி கேட்டதும் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், இடி ஓய்ந்து அவள் சொல்லும்வரை ஏற்றக் கூடாது. ஊருக்கு அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. தூரத்து மலையில் ஒரு உறுமல் கேட்டால் போதும், வரிசையாக டப் டப் என்று மெயின் இறங்கும். பாலுக்கு அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப் போய் இறக்குகிறவர்கள் உண்டு. பட்டாளத்துக் கர்ணபீர் முதல் இடிக்கும் முன்னாலேயே இறக்கிவிடுவார், மேகத்தைப் பார்த்தே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது தில்சரிக்கு மட்டும் தெரியும். தண்ணீர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரண்டை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும்வரை மெஷின் நிதானமாக ஓடும். எல்லாரும் ஒரே மூச்சில் அணைத்தால், ஏரிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி தறிகெட்டு ஓடும். அதற்காகத்தான் பவர்ஹவுஸ் மூலையில் ஒரு வெந்நீர்த் தொட்டி. ஊர் வேண்டாம் என்கிற கரண்டைப் பெட்டி தானாகவே அந்தத் தொட்டியில் முங்கிக் கிடக்கிற மூன்று கம்பிகளுக்குத் திருப்பிவிடும். கம்பி கொதிக்கும், தண்ணீர் கொதிக்கும், மெஷின் அடங்கி ஓடும். ஒரு சின்னக் குழாய் தொட்டியில் எப்போதும் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது வரப்பிரசாதம். இடி இடித்து ஓய்ந்தால் குடத்தோடு இறங்கிவிடுவார்கள், தொட்டி நிறைய வெந்நீர் இருக்கும். அதற்கு 'இடித் தண்ணி' என்றே பெயர். பிள்ளை பெற்றவளுக்கு இடித் தண்ணியில் உடம்பு கழுவினால் நோவு எடுத்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டு, அதுவும் சாத்திரமாகிவிட்டது.

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை. உச்சிப்பொழுது. ஹிராமலி இரண்டு பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அவள் மருமகளுக்கு முந்தின நாள் எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகியிருந்தது, அக்கரைச் சுகாதார நிலையத்தில். ஆண் பிள்ளை. ஒரு கையில் அடங்கிவிடுகிற உடம்பு. மூச்சு ஒழுங்காக வரவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று அங்கே உண்டு, அதன் குழாயை மூக்கில் வைத்துத்தான் பிள்ளையைத் தக்கவைத்திருந்தார்கள். அந்த மெஷினுக்குக் கரண்ட் தில்சரியிடமிருந்து போகிறது. சுகாதார நிலையத்துக் கூரையில் இருந்த சூரியத் தகடு தடுப்பூசிப் பெட்டியைக் குளிரவைக்கவே போதாது.

"தண்ணி குடு நாத்தனாரே. ஓமச் சாறு வச்சுட்டேன், கோழி அடிச்சுட்டேன், உடம்பு கழுவத் தண்ணிதான் பாக்கி" என்றாள் ஹிராமலி.

"பிள்ளை எப்படி இருக்கான் அண்ணி?"

"உன்னை மாதிரி இருக்கான். மூச்சு விடக்கூடப் பயப்படறான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தில்சரி தொட்டியில் கை வைத்தாள். வெதுவெதுப்புதான். சனிக்கிழமை எங்களுக்கு லீவு நாள் என்பதால் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வீடு டிவி, ஊர் எடுத்ததுபோக மிச்சம் கொஞ்சமே கம்பிக்கு வந்தது. பச்சை உடம்புக்காரிக்கு இந்தத் தண்ணீரைக் கொடுத்து ஜன்னி கண்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் தில்சரி ஒன்று செய்தாள். புதுத் தண்ணீர் வருகிற சின்னக் குழாயின் திருகை மூடினாள். தொட்டியில் பாதியை வெளியே திறந்துவிட்டாள். இருக்கிற கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சுட்டது. இரண்டு கேனையும் ரொப்பிக் கொடுத்தாள். அடியில் கணுக்கால் அளவு மிஞ்சியது.

ஹிராமலி படியேறிப் போனாள். தில்சரி திருகைத் திறக்கக் கை நீட்டும்போது போன் அடித்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் பிமலா.

"தில்சரி அக்கா, மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப் கிளம்பிடுச்சு. பெரிய சிலிண்டரோட வருது. மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கரண்ட் நிக்கக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது சிஸ்டர்."

"கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த மெஷின் ரொம்ப நோஞ்சான்."

தில்சரி போனை இடுப்பில் செருகினாள். மூன்று மணி நேரம். ஓடிப் போய்க் கால்வாயைப் பார்த்தாள், தடுப்பு வலையில் இலை இருக்கிறதா என்று பார்த்தாள், பெல்ட்டைப் பார்த்தாள், வோல்ட் மீட்டரின் முள்ளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள், மூடிய திருகைத் தவிர.

ஒரு மணி நேரம் கழித்து மேற்கு மலைமேல் வானம் கறுத்தது. முதல் இடி உறுமியது.

ஜாங்கோட்டுக்காரர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். அறுபத்திரண்டு வீட்டிலும் மெயின் இறங்கியது. மாவு மில்லும் நின்றது. மொத்தக் கரண்டும் தொட்டிக்குத் திரும்பியது. கணுக்கால் தண்ணீர் எத்தனை நேரம் தாங்கும்? புஸ்ஸென்று ஆவி எழும்பியபோதுதான் தில்சரி திரும்பிப் பார்த்தாள். திருகு மூடியிருந்தது. தொட்டிக்குள் கம்பிகள் சிவப்பாக நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று படாரென்று விண்டது, அடுத்தது, அதற்கடுத்தது.

பிறகு மெஷின் கத்த ஆரம்பித்தது. ஒன்பது வருஷமாக முனகிக்கொண்டிருந்த அந்த 'அக்கா' ஊளையிட்டாள். தரை அதிர்ந்தது. முள் இருநூற்று இருபதிலிருந்து இருநூற்று நாற்பதுக்குத் தாவி ஏறிக்கொண்டிருந்தது. இருநூற்று அறுபதைத் தாண்டினால் பெட்டி தானே லைனை வெட்டிவிடும். வெட்டிவிட்டால், கம்பி இல்லாத இந்த மெஷினை மறுபடி லைனோடு சேர்க்க அவளால் ஆகாது. புதுக் கம்பி புட்வலிலிருந்து வர வேண்டும்.

தில்சரி ஓடினாள். உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். கதவைத் தாண்டிப் பத்தடி வெளியே ஓடினாள். 'இது கொல்லும்' என்ற எழுத்துதான் கண் முன்னால் நின்றது. சக்கரம் பிய்த்துக்கொண்டு வந்து கூரையைக் கிழிக்கப் போகிறது என்று தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்திவிட்டாள்.

இடுப்பில் போன் அதிர்ந்தது.

"அக்கா, பல்பு ரொம்பப் பிரகாசமா எரியுது. சரிதானா?" பிமலாவின் குரல்.

குந்தியிருந்தவள் எழுந்தாள். "சரியில்ல சிஸ்டர். பிளக்கைப் பிடுங்குங்க. இப்பவே."

"பிடுங்கினா பிள்ளை?"

"சின்ன சிலிண்டர் இருக்கா?"

"கால் மணி நேரம் வரும். அதுக்கு மேல இல்ல."

"அதைப் போடுங்க. நான் சொல்றப்ப பிளக்கை மாட்டுங்க."

அதைப் போடுங்க என்று வாய் சொன்னது. கால் உள்ளே போக மறுத்தது. அவள் தன் காலைத் திட்டினாள், ஓடையில் துணி துவைக்கும்போது பெண்கள் மாமியாரைத் திட்டுகிற வார்த்தைகளால் திட்டினாள். உள்ளே போய்ப் பலகைமேல் ஏறி வால்வுச் சக்கரத்தைப் பிடித்தாள்.

வால்வைச் சட்டென்று மூடவும் முடியாது. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரை ஒரேயடியாக மறித்தால் குழாய் வெடிக்கும். மெதுவாக மூடினால் முள் ஏறுகிறது. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. அரைச்சுற்று மூடி, மூச்சை எண்ணி, மறுபடி அரைச்சுற்று. முள் இருநூற்று ஐம்பத்தாறில் தொட்டு நின்று, இறங்கத் தொடங்கியது. ஊளை அடங்கியது.

ஆனால் நிற்கவில்லை. சுமையே இல்லாத மெஷினைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. மயிரிழை மூடினால் முள் நூற்று எழுபதுக்கு விழுகிறது, மயிரிழை திறந்தால் இருநூற்று ஐம்பதுக்குப் போகிறது. இந்த ஆட்டத்தில் அந்த நோஞ்சான் மெஷினை மாட்டினால் கருகிவிடும். யாராவது கரண்டை எடுக்க வேண்டும். ஒரு வீடு இரண்டு வீடு போதாது, பாதி ஊராவது எடுக்க வேண்டும். தலைக்கு மேல் மின்னல் வெட்டியது. இந்த இடியில் சுவிட்சைப் போடு என்று யாரிடம் சொல்வது? எந்த வாயால் சொல்வது? வீடு வீடாகப் போய் அரிசியில் சத்தியம் வாங்கியது இதே வாய்.

ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் போட்டாள். ஹிராமலி வீட்டில் கோழிக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள், மழை விட்டதும் கிளம்ப.

"அண்ணி, மெயினைப் போடணும். குக்கரை மாட்டணும், எல்லா பல்பையும் எரிய விடணும். ஊர் முழுக்க. நீதான் எல்லாருக்கும் சொல்லணும்."

இடிச் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

"இல்லைன்னா பிள்ளைக்கு மூச்சு இல்ல அண்ணி. பத்து நிமிஷம்தான் இருக்கு. தொட்டித் திருகை நான்தான் மூடினேன். மூடிட்டு மறந்துட்டேன். தப்பு என் மேல."

"இடி தலைமேல நிக்குதுடி" என்றாள் ஹிராமலி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"தெரியும்."

"போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. சொல்லு, போடறேன்."

"தெரியாது அண்ணி. ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. போட்டுட்டு வீட்டுக்குள்ள யாரும் நிக்காதீங்க. மாட்டுக் கொட்டகைக்குப் போயிடுங்க, அங்க கம்பி கிடையாது. குக்கர்ல தண்ணியை வாய்வரைக்கும் ஊத்தச் சொல்லு."

போன் வைக்கப்பட்டது. போடுவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. தில்சரி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூற்று தொண்ணூறு, இருநூற்று நாற்பது, நூற்று எண்பது. கை வழுக்கியது. வேர்வையா மழைச் சாரலா தெரியவில்லை. எட்டு நிமிஷம். ஏழு.

முள் ஒரு பொட்டு இறங்கியது. வால்வு மூடாமலே இறங்கியது. ஒரு குக்கர், மூன்று பல்பு. ஒன்பது வருஷமாக முள்ளைப் பார்க்கிறவளுக்கு எந்த வீடு எவ்வளவு எடுக்கும் என்பது மனப்பாடம். அது ஹிராமலி வீடு.

அதற்குப்பின் மேலே நடந்ததை ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஹிராமலி முற்றத்தில் நின்று கொட்டுகிற மழையில் கத்தினாளாம். கேட்டவர்கள் முதலில் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். கர்ணபீர் ஜன்னல் வழியே, "சத்தியம் என்னாச்சு? அரிசி மேல வாங்கின சத்தியம்!" என்று கேட்டிருக்கிறார்.

"அந்தச் சத்தியத்தை என் பேரன் மூக்குல அடைச்சு வைக்கவா? பட்டாளத்துல சுட்டவரு சுவிட்சுக்குப் பயப்படறீரா?"

"சுட்டது நான். இது என்னைச் சுடுமே" என்றாராம் தலைவர். ஆனாலும் ஒரு கம்பை எடுத்து, மூன்றடி தள்ளி நின்று மெயினை மேலே தட்டிவிட்டு, நேராகப் பன்றிக் கொட்டிலுக்குள் போய்ப் புகுந்துகொண்டார்.

கீழே தில்சரிக்கு இது எதுவும் தெரியாது. முள் மட்டும் பேசியது. ஒரு வீடு. இன்னொன்று. இது தலைவருடைய ஹீட்டர். இது பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் வால்வை மயிரிழை திறந்தாள். ஊர் ஏறஏற மெஷின் நிதானத்துக்கு வந்தது. கடைசியாக மாவு மில் மோட்டார் ஏறியபோது முள் பெரிதாக ஆடி, இருநூற்று இருபதுக்கு வந்து, நடுங்கி, நின்றது.

"சிஸ்டர், மாட்டுங்க."

"மாட்டிட்டேன்." மெஷினைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓடுது அக்கா. குழாயில காத்து வருது" என்றாள் பிமலா.

தில்சரி போனைப் பலகைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் வர இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இடி நகரவில்லை, ஊருக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு மின்னலுக்கும் அவள் கண்ணை மூடினாள், திறந்ததும் முதலில் முள்ளைப் பார்த்தாள். ஒரு பிள்ளைக்காக ஒரு ஊரையே கம்பியில் கட்டி மலைமேல் நிறுத்தியிருக்கிறோமே என்ற நினைப்பு வந்தபோது வாந்தி வந்தது. கையை எடுக்காமல் பக்கவாட்டில் திரும்பி எடுத்தாள்.

அப்போது விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, இடைவெளியே இல்லை. பெட்டி கிர்ரென்றது. மேலே எங்கேயோ, வெகு அருகில். முள் ஒருமுறை துள்ளி அடங்கியது. அடங்கிய இடம் பழைய இடம் இல்லை, ஒரு பொட்டு மேலே. ஒரு குக்கர் அளவு. அவளுக்குத் தெரிந்த குக்கர்.

ஹிராமலி வீடு.

தில்சரி வால்வை அந்த அளவுக்கு மூடினாள். கை அதைச் செய்தது. மனசு மேலே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். எல்லாரையும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் வீட்டுக்குள் போயிருப்பாள், அப்படிப்பட்ட பொம்பளைதானே. போனை எடுத்து ஒரு கையால் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்றால் நானூறு படி. கையை விட்டால் அக்கரையில் பிள்ளை.

இவ்வளவு பயத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அட்டை, கரடி, ஜீப் எல்லாம் சேர்த்தாலும் இதன் கால் தூசிக்கு வராது. முதல் தடவை அண்ணியின் கையை எடுத்தேன், இரண்டாம் தடவை ஆளையே எடுத்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். அழுதாள். முள்ளைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமே என்று தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அழுதாள். இப்படி எவ்வளவு நேரம் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மழை தூறலாகி, இடி கிழக்கே இறங்கிய பிறகு போன் அடித்தது.

"ஜீப் வந்துடுச்சு அக்கா. பெரிய சிலிண்டர்ல மாத்தியாச்சு. பிள்ளை கத்தறான், கேளுங்க" என்று பிமலா போனை எங்கேயோ நீட்டினாள். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கேட்டது. "கிளம்பறோம். இனிமே நீங்க நிறுத்தலாம்."

தில்சரி அரைச்சுற்று, அரைச்சுற்றாக வால்வை மூடினாள். அப்போதும் அவசரப்படவில்லை. மெஷின் முனகி, இளைத்து, நின்றது. ஓடைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. மேலே ஓடிப் போக வேண்டும் என்று நினைத்தாள், சக்கரத்தில் இருந்த விரல்கள் பிரியவில்லை. இறுகிப்போய்விட்டன. பிரித்துக்கொண்டு மேலே போனால் எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயமும் அதில் பாதி.

கதவடியில் யாரோ சேற்றுக் காலை உதறுகிற சத்தம் கேட்டது.

"ஏண்டி, செத்த மாதிரி நிக்கறே? பிமலா போன் பண்ணி சொன்னா. பிழைச்சுட்டான், உன்னை மாதிரி அழுமூஞ்சி." தலை முதல் கால்வரை சாணியும் மழையுமாக ஹிராமலி நின்றாள்.

"உன் வீடு அணைஞ்சதே. இடி விழுந்துதே. குக்கர் போச்சே."

"எருமைக்கு நடுவுல நின்னு நடுங்கிக்கிட்டிருந்தேன். எல்லாருக்கும் வாய்வரைக்கும் ஊத்தச் சொல்லிட்டு, நான் அவசரத்துல ஒரு டம்ளர் ஊத்தினேன். வத்திப்போய் தானா அணைஞ்சுடுச்சு. உன் தொட்டி மாதிரி." ஹிராமலி பக்கத்தில் வந்தாள். "போன் வீட்டுக்குள்ள கிடந்தது. எடுக்கப் போவேனா?"

தில்சரி அவளையே பார்த்தாள். கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"எந்தக் கையால போட்டே அண்ணி, சுவிட்சை?"

ஹிராமலி இறுகிய அந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சக்கரத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள், மடங்கிப்போன தன் வலக்கையால்.

"வெந்த கையாலதான். போனா, போனதே போகட்டும்னு."

புதுக் கம்பி வந்து இப்போது நாலு வருஷமாகிறது. சின்னக் குழாயில் திருகே கிடையாது, தில்சரி பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டாள். ஜாங்கோட்டில் இடி இடித்தால் இப்போதும் மெயினை இறக்குகிறோம், ஆனால் ஒரே மூச்சில் இல்லை. மேலேயிருந்து வீடு வீடாக, அவள் போனில் பேர் சொல்லச் சொல்ல. கடைசி வீடு ஹிராமலியுடையது, அந்தக் கடைசி இடத்தை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். அந்த வீடு அணைந்து முள்ளில் துள்ளுகிற ஒரு பொட்டு அடங்கும்வரை தில்சரி மூச்சு விடுவதில்லை.